செத்தவர் யாருக்கும் இல்லாத பேர்

1

என் மகள் தன் பெண்ணுக்குப் பாவாயி என்று பேர் வைக்கப்போவதாகச் சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஜப்பான் சண்டை முடிந்து, மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று வெறுத்துப்போய், மறுபடி அரிசி கண்ணில் பட ஆரம்பித்திருந்த சமயம். கஞ்சித் தண்ணீர் காலில் கொட்டியது. சுட்டதா சுடவில்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"என்ன பேர் சொன்னே?"

"பாவாயி. அப்பாவோட தங்கச்சி பேர்தானே? நல்லாத்தானே இருக்கு?"

நன்றாக இருக்கிறது. ராசிபுரம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பாவாயி இருப்பார்கள். ஆனால் நான் கடல் தாண்டி வந்து அத்தனை வருஷத்தில் அதுவரை அந்தப் பேரை வாய் திறந்து சொன்னதில்லை. இதே பேரில் இந்த மலாய் நாட்டுத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளைக்கூட நான் "இந்தா அம்மிணி" என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு என் மேல் வருத்தம் இருந்திருக்கும்.

ஊரில் இருப்பவர்கள், இங்கே என் மகளுக்கு மெலாத்தி என்று பேர் இருப்பதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். அது ஏன் வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் வீட்டுக்காரர் தறிக்காரக் குடும்பம். ராசிபுரத்துக்குக் கிழக்கே, எந்நேரமும் கொல்லிமலை தெரிகிற ஊர். அவருக்கு ஒரே தங்கை, பாவாயி. நான் கல்யாணமாகிப் போனபோது அவளுக்குப் பதினாறு வயது இருக்கும். நெட்டையாக, கறுப்பாக, சத்தமாகச் சிரிப்பாள். தோட்டத்துக் கிணற்றில் மேலே இருந்து குதித்து, அடி மண்ணை அள்ளி வந்து என்னிடம் காட்டுவாள். "அண்ணி, தரை தொட்டுட்டேன் பாருங்க" என்பாள். எனக்கு நீச்சல் தெரியாது. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளைச் சங்ககிரிப் பக்கம் ஒரு மாமனுக்குக் கொடுப்பதாகப் பேசினார்கள். இரண்டாந்தாரம். அவள் வேண்டாம் என்றாள். அழுதெல்லாம் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கு அந்த ஆளு வேண்டாம்" என்றாள். என் மாமியார் அதிகம் பேசாத மனுஷி. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசினாள்.

"அப்பிடின்னா எங்கியாவது போயி உளுந்து சாவு."

பாவாயி கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் கிணற்றில் மிதந்தாள்.

தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவள் எப்படி நீந்துவாள் என்று தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. என் மாமியார் அதற்குப் பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவில்லை. தெருக்கோடிக் கிணற்றிலிருந்து தலையில் சுமந்து வருவாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

3

எனக்கு முதலில் பெண் பிறந்தது. பிறந்த சூடு ஆறும் முன்னே என் மாமியார் குழந்தையின் இடது காதை மடக்கிப் பார்த்தாள். பாவாயிக்கு அங்கே ஒரு மச்சம் உண்டு. குழந்தைக்கு இல்லை. இருந்தாலும், "அவதான். காலு பாரு, அந்த நெட்டைக் காலு" என்றாள். பாவாயி என்று பேர் வைத்தோம். எனக்கும் சந்தோஷம்தான். பல் முளைக்கும் முன்னே காய்ச்சல் வந்து போய்விட்டது.

இரண்டாவதும் பெண். இதற்குக் காதுக்குப் பின்னால் மச்சம் மாதிரி ஏதோ இருந்தது. பிறந்தபோது ஒட்டியிருந்த அழுக்கோ என்னவோ, ஒரு வாரத்தில் காணோம். அதற்கும் பாவாயி என்றே பேர் வைத்தோம். தவழ்ந்தது. சுவரைப் பிடித்து நின்றது. ஒரு சந்தை நாளன்று வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, வண்டி பூட்டி ராசிபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் என் மடியிலேயே போயிற்று. ஓடைக்கரையில் அக்காள் பக்கத்திலேயே குழி தோண்டினார்கள்.

அன்றைக்கு என் மாமியார் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள்.

"அழுவாதே அம்மிணி. அவளுக்கு எம்மேல இருக்கற கோவம் இன்னும் தீரல. அதான் வாரா, போறா. இன்னொருக்கா வருவா. கோவம் தீந்துட்டா நின்னுக்குவா."

அவள் வருவதும் போவதும் அவர்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற கணக்கு. வயிறு என்னுடையது. இன்னொரு பிள்ளையை அந்தப் பேரோடு அனுப்பிவைக்க மாட்டேன் என்று அந்தத் திண்டாட்டத்திலும் மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். வெளியே சொல்லவில்லை.

தறியும் அப்போது படுத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு எழுத்தும் கணக்கும் வரும். மலாய் நாட்டுக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி ஒருவர், ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணி வேலை இருக்கிறது என்றார். நான்தான் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். கரை மறைந்தபோது கூட வந்த பெண்கள் எல்லாம் ஓவென்று அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை தண்ணீரைத் தாண்டி யாரும் பின்னால் வர முடியாது என்று நினைத்துக்கொண்டேன். பாவாயி எப்படி நீந்துவாள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

4

இங்கே வந்த மறுவருஷம் மறுபடி உண்டானேன். ஊருக்குப் போய்த் திரும்பிய கங்காணியிடம் என் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள். "பொண்ணு பொறந்தா பேரு தெரியுமல்லன்னு கேக்கச் சொன்னாங்க" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்து மழுப்பினார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. சொல்ல மாட்டார். தங்கையைக் கிணற்றிலிருந்து மேலே தூக்கியவர் அவர்தான்.

பிரசவம் பார்த்தது, பக்கத்தில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக் கிழவி. எல்லோரும் அவளை "மக்" என்போம். மக் என்றால் அவர்கள் பேச்சில் அம்மா. பெண் பிறந்தது. மூன்றாவது நாள் மக் தன் வீட்டு வேலியிலிருந்து ஒரு கொத்து வெள்ளைப் பூ கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தாள். நம்மூர் மல்லிகைதான், அதே வாசனை. பூவுக்குப் பேர் என்ன என்று சைகையில் கேட்டேன்.

"மெலாத்தி" என்றாள்.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். என் அம்மா, அவள் அம்மா, அக்கம்பக்கம், தறிக்காரத் தெரு, ஓடைக்கரை எல்லாவற்றையும் மனசில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மெலாத்தி என்று ஒருத்தியும் இல்லை. சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க, நம்மூர்ல செத்துப்போனவங்க யாருக்காச்சும் மெலாத்தின்னு பேர் உண்டுங்களா?"

"செத்தவங்கள உடு. உசுரோட இருக்கறவங்களுக்கே கெடையாதே, அப்பிடி ஒரு பேரு."

"அப்ப அதையே வெச்சரலாமுங்க."

குழந்தையைத் தூக்கினார். விரல் இடது காதுப் பக்கம் போனது.

"பாக்காதீங்க" என்றேன். நான் அவரை அதட்டியது அந்த ஒரு தரம்தான். "மச்சம் இருந்தாலும் பாக்காதீங்க, இல்லைன்னாலும் பாக்காதீங்க. இது யாருமில்ல. இது புதுசு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். என் மகளின் காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தலை வாரிவிடும்போதெல்லாம் அந்தப் பக்கம் வந்தால் வேறெங்கோ பார்த்துக்கொள்வேன்.

பிறப்பைப் பதிய அவர் டவுனுக்குப் போனார். அங்கே கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். பேரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

"இது மலாய்ப் பேரெல்லோ? நீங்கள் மதம் மாறிட்டியளோ?"

இவருக்கு வேர்த்துவிட்டது. தோட்டத்தில் விஷயம் பரவினால் என்ன ஆகும் என்று பயம். "இல்லீங்க, எங்க ஊரு அம்மன் பேருங்க, மேலாத்தா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். கிளார்க்கும் திருப்தியாக மேலாத்தாள் என்று எழுதிவிட்டார். அதனால் சர்க்கார் காகிதத்தில் அவள் மேலாத்தாள். பள்ளிக்கூட வாத்தியாருக்கும் மேலாத்தாள். வீட்டில்தான் மெலாத்தி. இல்லாத ஒரு சாமியை உண்டாக்கிவிட்டு வந்த மனுஷன், அன்று முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தார்.

அவள் நன்றாக வளர்ந்தாள். பல் முளைத்தது, தவழ்ந்தாள், நின்றாள், ஓடினாள். ஒவ்வொன்றும் நடக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சுற்றிலும் மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள். அவள் பேச்சில் பாதி எனக்கே புரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள், "தமிழ் மறந்துரப்போறா" என்று வருத்தப்படுவார்கள். நான் வருத்தப்படவில்லை. அவள் நம்மூரை விட்டு எத்தனை தூரம் போகிறாளோ அத்தனை நல்லது என்றிருந்தேன்.

5

அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஊருக்குப் போனோம். நான் வேண்டாம் என்றேன். அவர்தான் தன் அம்மா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார். எப்படித் தடுப்பது?

சேலத்தில் ரயிலைவிட்டு இறங்கி, மோட்டார் பஸ்ஸில் ராசிபுரம் போய், அங்கிருந்து மாட்டு வண்டி. வீடு சின்னதாகிவிட்டது மாதிரி இருந்தது. என் மாமியார் அதைவிடச் சின்னதாகிப்போயிருந்தாள். வெயிலில் வந்த பிள்ளைக்குத் தாகம். "ஆயர் வேணும், ஆயர் வேணும்" என்றாள். ஆயர் என்றால் மலாயில் தண்ணீர். கிழவிக்கு அது "ஆயா வேணும்" என்று காதில் விழுந்தது; எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. ஓடி வந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆயா இங்கதான் இருக்கறேன் சாமி" என்று அழுதாள். பிள்ளை தாகத்தோடு திருதிருவென்று விழித்தது. அன்றிலிருந்து மெலாத்திக்கு அவள் ஆயா.

கிழவி பேரைக் கேட்டாள். "மேலாத்தா" என்றார் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

"அது எந்தக் கோயில் ஆத்தா?"

"அங்க இருக்குதும்மா."

"நல்ல சக்தியுள்ள ஆத்தாளாத்தான் இருக்கோணும். புள்ளைய நிக்க வெச்சிருக்காளே" என்று கிழவி கடல் இருக்கும் திசை தெரியாமல் கொல்லிமலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பத்து நாள் போல ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையும் கிழவியும் ஒட்டிக்கொண்டார்கள். கிழவி சோளப்பொரி கொடுப்பாள், இது மலாய்ப் பாட்டுப் பாடிக் காட்டும். எனக்கே பயம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஒரு மத்தியானம் துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தால் இரண்டு பேரையும் காணோம். எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு ஓடினேன். செருப்பு இல்லை. நெருஞ்சி முள் ஏறியது.

கிணற்று மேட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷம் அந்தப் பக்கமே போகாதவள், பிள்ளையின் இரண்டு கையையும் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை.

"பாவாயி, கோவம் தீந்துச்சா சாமி?"

"நான் மெலாத்தி, ஆயா."

"தெரியும் சாமி. நீ மேலாத்தாதான். சும்மா வாயால ஒருக்காச் சொல்லு. தீந்துச்சுன்னு ஒரே ஒருக்கா. ஆயாளுக்கு அது போதும்."

மெலாத்தி என்னைப் பார்த்துவிட்டாள். சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். இளகிய மனசுக்காரி, கேட்டால் கொடுத்துவிடுவாள்.

"சொல்லாதே!" என்று கத்தினேன். போய் அவள் கையைப் பறித்துக்கொண்டேன். கிழவி என்னைத் தடுக்கவில்லை. வெறுமையான தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உம்புள்ள உங்கிட்டயே இருக்கட்டும் அம்மிணி. நான் எம்புள்ள கிட்டத்தான் ஒரு வார்த்த கேட்டேன்."

பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் கிளம்பினோம். வண்டி ஏறும்போது கிழவி வாசலில் நின்று, "பத்திரமாப் போயிட்டு வா, மேலாத்தா" என்றாள். பேரைச் சரியாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகத்தில் இருந்து ஏதோ போய்விட்டது. மறு வருஷம் இறந்துபோனாள் என்று கங்காணி மூலம் சேதி வந்தது.

அந்த வார்த்தையைச் சொல்ல விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இன்றைக்கு அந்த மேட்டில் கொண்டுபோய் என்னை நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். இரண்டு பிள்ளையை ஓடைக்கரையில் விட்டுவிட்டு வந்தவள் நான். ஆனால் அவள் குரல் போகவில்லை. இங்கே மழை தகரத்தின் மேல் அடிக்கும்போது, "தீந்துச்சா சாமி" என்று கேட்கும். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியாது.

6

சண்டை வந்தது. துரைமார் ஓடினார்கள், ஜப்பான்காரன் வந்தான். சயாம் ரயில் பாதைக்கு என்று தோட்டத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் அதிலிருந்து தப்பினார், காய்ச்சலில் இருந்து தப்பவில்லை. மருந்து கிடையாது. மெலாத்தி அப்போது வளர்ந்த பெண். அப்பாவைவிட்டு நகராமல் பக்கத்திலேயே இருந்தாள்.

மூன்று நாளாக அவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. கொடுத்தால் தட்டிவிடுவார். அவர் கண்ணுக்கு எங்களைத் தெரியவில்லை. மத்தியானம், வெளியே நல்ல மழை. திடீரென்று தெளிவாகப் பேசினார்.

"பாவாயி. ஏ பாவாயி."

அத்தனை வருஷம் எங்கள் வீட்டில் ஒலிக்காத பேர்.

"பாவாயி, கெணத்துப் பக்கம் போவாத சாமி."

மெலாத்தி குனிந்து அவர் கையைப் பிடித்தாள். "போவலண்ணா" என்றாள். "இங்கதான் இருக்கறேன்."

நான் அவள் வாயைப் பொத்தினேன். "பதில் சொல்லாத! யாரக் கூப்பிடறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

என் கையை மெதுவாக விலக்கினாள். "தெரியும்மா. தண்ணி குடிக்கணுமில்ல அவரு" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அண்ணா, இந்தா, தண்ணி குடி" என்றாள்.

அவர் குடித்தார். குழந்தை மாதிரி முழு டம்ளரையும் குடித்தார். "ஈரமா இருக்கறியே, தலைய தொவட்டு" என்றார். அவள் முந்தானையை எடுத்துக் காய்ந்த தன் தலையைத் துவட்டிக் காட்டினாள். சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மழை விடும்போது மூச்சும் நின்றிருந்தது.

நான் அவருக்காக அழுதேனா, அவளுக்காகப் பயந்தேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல, அவள் தும்மினாலே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சண்டை ஓய்ந்ததும் பக்கத்துத் தோட்டத்து லாரி ஓட்டும் ஒரு நல்ல பையனைக் கட்டிக்கொண்டாள். நானும் அவளோடு போனேன்.

7

கஞ்சித் தண்ணீர் காலில் கொட்டிய அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, மாமியார் சொன்ன வார்த்தை, ஓடைக்கரையில் இருக்கிற அவள் அக்காமார் இரண்டு பேர். பாதி அவளுக்குத் தெரிந்திருந்தது, அப்பா சொல்லியிருக்கிறார். என்னிடம் அவர் பேசாததையெல்லாம் மகளிடம் பேசியிருக்கிறார்.

"இத்தனையும் தெரிஞ்சுமா அந்தப் பேரு?" என்றேன்.

"அந்தப் பேருக்கு நான் ஒரு தரம் பதில் சொல்லிட்டேனேம்மா. எனக்கு என்ன ஆச்சு? பாவம், அவங்க வந்து தண்ணி குடுத்துட்டுத்தான் போனாங்க. அவங்களப் போயி பேய் மாதிரி துரத்திக்கிட்டே இருக்கியே."

பேர் வைக்கிற அன்று, குழந்தையின் காதில் நீதான் சொல்ல வேண்டும் என்றாள். முடியாது என்று விறகு அடுக்கியிருந்த பக்கம் போய் நின்றுகொண்டேன். அடுத்த வீட்டுப் பெண் மூன்று தரம் சொன்னாள். ஒவ்வொன்றும் என் காதிலும் விழுந்தது.

குழந்தை நன்றாக இருக்கிறது. பல் முளைத்துவிட்டது. நான் பாப்பா என்பேன், கண்ணு என்பேன், சாமி என்பேன். மகள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் குழந்தையை வாசலில் விட்டு, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இங்கே வீடுகள் கால் நட்டுத் தூக்கிக் கட்டியவை. வாசலில் இருந்து கீழே உயரமான மரப்படி. தலையை நிமிர்த்தினால், குழந்தை தவழ்ந்து படி விளிம்புக்குப் போய்விட்டது. ஒரு கை காற்றில் இருக்கிறது.

"பாவாயி!" என்று அலறிவிட்டேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. குழந்தை திரும்பவில்லை. அதற்குப் பேர் புரிகிற வயது இன்னும் வரவில்லை. நான்தான் பாய்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளே அடுக்களையில் இருந்து, "வாரேன்" என்று சத்தம் வந்தது.

மெலாத்தி ஈரக் கையோடு வந்து நின்றாள். "என்னம்மா, எதுக்குக் கூப்பிட்டே?"

"உன்னையா கூப்பிட்டேன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியல. கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, வந்தேன்" என்றாள். ஒன்றுமில்லாத விஷயம் மாதிரிதான் சொன்னாள்.

குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்த கையோடு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"உலை கொதிக்குதும்மா, உடு" என்றாள்.

நான் விடவில்லை.